நான்காம் துளையில் நான் வைத்த கட்டை

வேலையிலிருந்து என்னை அனுப்பிவைத்த அன்று சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்த ஆபீஸ்காரர் ஒருவர், “அண்ணாச்சி பாறை மாதிரி. முப்பத்திரண்டு வருஷம் மாறாமல் நின்றவர்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முப்பத்திரண்டு வருஷமும் பாறையைத் துளைத்து வெளியே எடுத்துப் பார்த்தவன் நான். மாறாத பாறை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தப் பாராட்டைச் சொன்னவர் ஒரு நாள்கூடத் துளை போடும் ரிக் பக்கம் வந்திருக்க மாட்டார்.

புதிதாக ரிக்கில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, அவர்களோடு ஜியாலஜிஸ்டாகப் போகும் தங்கைகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இங்கே இந்தியிலும் மராத்தியிலும் படித்து வளர்ந்த உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது என்று தெரியும். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நானும் பெரிய படிப்பாளி இல்லை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்து ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கெடுத்தாலும் கவலைப்படுவேன். ரிக்கைத் தாங்கும் முக்காலியின் போல்ட்டை மூன்று தடவை முடுக்கிப் பார்ப்பேன், டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பிவந்து நான்காவது தடவையும் பார்ப்பேன். ரிக்கில் எனக்கு ‘டென்ஷன் அண்ணாச்சி’ என்றே பெயர்.

அனுபவம் சொல்லிப் பெருமைப்பட இதை எழுதவில்லை. மழை நின்றதும் செம்பூரில் ஒரு சுவருக்குப் பின்னால் நம் கம்பெனி ரிக்கை இறக்கப் போகிறது என்று கேள்விப்பட்டேன். குன்றின் மேல் நின்று துளை போடப்போவது நீங்கள். குன்றுக்குக் கீழே அந்தச் சுவர். சுவருக்கு முன்னால் ஒன்பது மாடியில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அந்தக் குன்றில் முதலில் துளை போட்டவன் நான். அங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் நீங்கள் போகக் கூடாது.

அதற்கு முன்னால் ஆண்டாப் ஹில்லில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் என் புத்தி அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

துளையிலிருந்து உருளை உருளையாக வெளியே வரும் கல்லைக் கோர் என்கிறோம். அதை மேலிருந்து கீழாக, வந்த வரிசையில், மரப்பெட்டியில் அடுக்குவது உங்களுக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். ஒரு தடவை குழாயை மேலே இழுத்தால் முழங்கை நீளத்துக்குக் கல்லே இல்லை. அந்த இடத்தில் இருந்தது தண்ணீரோடு கரைந்து போயிருந்தது. பெட்டியில் அவ்வளவு நீளம் வெறுமையாகக் கிடந்தால் திட்டு விழும் என்று பயந்து, மேல் கல்லையும் கீழ் கல்லையும் நெருக்கிச் சேர்த்துவைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. பிறகு அஸ்திவாரம் தோண்டினபோது அதே ஆழத்தில் சிவப்புக் களிமண் பொதபொதவென்று வந்தது. எனக்கு மேல் இருந்த டிரில்லரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பெட்டியை அடுக்கினது நான் என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “ஏல, வந்த கல்லு மட்டும் கோர் இல்ல. வராத எடமும் கோர்தான். அதுல கட்டைய வையி. நீ மூடி மறைக்காத.” பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. அன்றிலிருந்து கல் வராத இடத்தில் அதே நீளத்துக்கு மரக்கட்டை வெட்டி வைத்து, நீலப் பெயிண்டில் அளவு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கட்டை இருந்தால் இங்கே கல் வரவில்லை என்று பொருள். இந்த ஒரு விஷயத்தில் நான் சுத்தமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி செம்பூர்.

அந்தக் குன்றின் அடிவாரத்தில் அப்போது தகரமும் செங்கலுமாக வீடுகள். பில்டர் ஒருவர் குன்றின் அடியை வெட்டி இடம் எடுத்து, பின்னால் சுவர் கட்டி, முன்னால் கட்டடம் எழுப்பி, அங்கேயே இருக்கிறவர்களுக்கு அதில் வீடு கொடுப்பதாக ஏற்பாடு. வெட்டினால் குன்று நிற்குமா என்று பார்க்க எங்களை அனுப்பினார்கள். ஆறு துளை.

கூடவே ஒரு ஜியாலஜிஸ்ட் மேடம் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். காலேஜ் முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, என் வயதில் பாதி. முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கல்லைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒருவர்தான். அதுவரை எனக்குக் கல் இரண்டே ஜாதி: சீக்கிரம் துளை விழுகிற கல், விழாத கல்.

“அண்ணா, இந்தப் பெட்டியை மேலேர்ந்து வாசிச்சா, கதையைப் பின்னாடிலேர்ந்து கேக்கற மாதிரியாக்கும்” என்பார். “கடைசியா நடந்தது மொதல்ல வரும்.”

அப்படித்தான் இருந்தது. முதலில் கொட்டின மண்: அறுந்த செருப்பு, பால் பாக்கெட், பாட்டில் மூடி. அதன் கீழ் மூரம். பாறை வெயிலிலும் மழையிலும் நொந்து மண்ணாகப் போகிற வழியில் பாதியில் நிற்பது. அதற்குள் அங்கங்கே வெங்காயம் போலத் தோல் தோலாக உரியும் உருண்டைகள், நடுவில் மட்டும் இன்னும் கல்லாக. பிறகு கறுப்புப் பாறை. அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

“இதெல்லாம் நெருப்புக் குழம்பா ஓடிவந்து ஒறைஞ்சது அண்ணா. ஒரே தடவையா வந்ததில்லை. ஒண்ணு வந்து ஆறும். அப்புறம் ரொம்பக் காலம் ஒண்ணுமே நடக்காது. அந்தக் காலத்துல மேல்பக்கம் மழை பட்டு மண்ணாப் போகும். அந்த மண்ணு மேல அடுத்த குழம்பு வந்து அதைச் சுட்டுடும். ஆண்டாப் ஹில்ல மூடி மறைச்சேன்னு சொன்னேளே, செகப்பு மண்ணு, அதுவும் அப்படி வந்ததுதான்.”

“இந்த வெள்ளைப் புள்ளி?”

“குழம்பு ஆறறச்சே காத்து நின்ன குமிழி. காலியா இருந்தது. அப்புறம் தண்ணி ஊறி ஊறி, தான் கொண்டுவந்ததை அதுல விட்டுட்டுப் போய் அடைச்சுடுத்து.”

“அப்ப இவ்வளவு கெட்டிக் கல்லுக்குள்ளயும் தண்ணி போகுமா மேடம்?”

“தண்ணி போகாத எடம் இருக்கா அண்ணா?” என்று சிரித்தார்.

அவருக்கு அது பாடம். எனக்கு அது வியாதி. அதற்குப் பிறகு எந்த ஓவர்பிரிட்ஜின் கீழ் நின்றாலும் எனக்கு அந்த வார்த்தைதான் கேட்கும்.

கறுப்புப் பாறைக்கு நடுவில் ஒன்றரை அடிக்கு வேறு ஒன்று இருந்தது. மேடம் பிறகு அதைச் சாம்பல் பாறை என்றார். எரிமலை கக்கின சாம்பலும் உடைந்த கல்லும் ஒன்றாக விழுந்து, காலம் போகப் போக ஒட்டிக்கொண்டதாம். மற்றத் துளைகளில் அந்த இடம் முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டது, கட்டைதான் வைத்தேன். நான்காம் துளையில் மட்டும், மேடம் இல்லாத ஒரு மத்தியானம், ஒரு சாண் நீளத்துக்கு முழுசாக வந்தது. பாசிப்பயறு நிறம், உள்ளே கறுப்பும் செங்கல் சிவப்புமாகத் துண்டுகள், பர்ஃபியில் முந்திரி பதித்தது போல. அவ்வளவு அழகான கோரை நான் எடுத்ததே இல்லை.

அப்போதுதான் பொன்னுத்தாயக்கா டீ கொண்டு மேலே வந்தார்.

அடிவாரத்தில் கடைசி வீடு அவருடையது. முன்னால் டீக்கடை, பின்னால் ஒரே அறை, அதன் பின்சுவரே குன்றுதான். திருநெல்வேலிப் பக்கம். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. எங்களுக்கு முதல் நாள் தண்ணீர் டேங்கர் வராதபோது தன் டிரம்மிலிருந்து தண்ணீர் கொடுத்தவர்.

“தம்பி, மலைய வெட்டப் போறானுவளாமே. என் வீட்டுக்குப் பின்னாடி இருக்க பாறை நிக்குமா, விழுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. நிக்கும்னா நான் இங்கனயே கெடந்து புது வீட்ட வாங்கிக்கிடுதேன். விழும்னா இப்பமே போயிருதேன். எனக்கு நடுவுல தொங்க முடியாது.”

தம்பிகளே, நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதுக் கல் வெளியே வந்ததும் கழுவி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவோம். ‘டங்’ என்றால் நல்ல கல், ‘தொப்’ என்றால் நொந்த கல். எல்லா டிரில்லரும் செய்கிறான். நானும் செய்தேன். அந்தப் பச்சைக் கல் ‘டங்’ என்றது.

“கேட்டியளாக்கா? கோயில் மணில்லா! நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கும்.”

“எனக்கு ஏது பேரன் பேத்தி? இஞ்சி நசுக்குததுக்குத் தோதா இருக்கும்போலயே இந்தக் கல்லு.”

வாழ்நாளெல்லாம் கவலைப்பட்டவன் அந்த ஒரு நிமிஷம் கவலைப்படாமல் இருந்தேன். ஒருத்தருக்கு நல்ல வார்த்தை சொன்ன சந்தோஷம். “எடுத்துக்கிடுங்க” என்று கொடுத்துவிட்டேன். “மலையையே தந்துட்டானே எந்தம்பி!” என்று முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார்.

கோரை வெளி ஆளுக்குக் கொடுத்தால் அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். பெட்டியில் இப்போது ஒரு சாண் நீளம் காலி. என்ன செய்தேன் தெரியுமா? கட்டை வெட்டினேன். வைத்தேன். நீலப் பெயிண்டில் அளவு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கல் வந்த இடத்தில் வரவில்லை என்று எழுதினேன். பஸ் ஸ்டாப்பில் அந்த மனிதர் சொல்லிக்கொடுத்ததை வைத்தே பொய் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, ஆறாம் துளை முடியும் தறுவாயில், கீழே டீக்கடையில் ஒரே சிரிப்பு. ஆட்டோக்காரர் ஒருவர் டீயைத் துப்பி, “அக்கா, சாய்ல ரேத்தி ரேத்தியா வருது” என்கிறார். மணல் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மேரியக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “ஏ பொன்னுத்தாயி, பால்ல தண்ணி ஊத்துவாக, கேள்விப்பட்டிருக்கேன். நீ மலையல்லா கரைச்சு ஊத்துத!” என்று கேட்க, பொன்னுத்தாயக்காவே சிரித்துவிட்டார்.

“எல்லாம் நம்ம தம்பி தந்த கல்லு. இஞ்சியோட சேந்து கரையுது. இன்னா பாரு.”

கையில் வாங்கினேன். சாண் நீளக் கல் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. விரலால் அழுத்தினேன். உதிர்ந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது கல்லை இல்லை, அவர் வீட்டின் பின்சுவரை.

மறுநாள் மேடத்திடம் கொண்டுபோனேன். டீக்கடையில் கிடைத்த பச்சைக் கல் என்று மட்டும் சொன்னேன். ஒரு சில்லை எடுத்து, டீ கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கிளாஸின் அடியில் சேறுதான் இருந்தது.

“இதுல ஒட்டவெச்ச பசை தண்ணி பட்டா உப்பற ஜாதி. பூமிக்குள்ள இருக்கறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. வெட்டித் தெறந்துவிட்டு வெயிலும் மழையும் மாத்தி மாத்திப் பட்டா விட்டுடும். எல்லாத் துளைலயும் ஒரே ஆழத்துல தண்ணியோட போனது இதுவாத்தான் இருக்கும். மேல இருக்கற கறுப்புப் பாறை இதுமேலதான் ஒக்காந்துண்டிருக்கு.”

“எவ்வளவு நாள்ல மேடம்?”

“அதான் தெரியாது. ஒரே மழைல ஆகலாம். அம்பது வருஷமும் ஆகலாம். கல்லுக்கு அவசரமில்லை அண்ணா. நமக்குத்தான்.”

எங்கள் கம்பெனி மேனேஜர் அறையில் நாங்கள் மூவர். மேடம் கிளாஸை மேஜைமேல் வைத்துவிட்டு, எல்லாத் துளையிலும் கட்டை இருக்கும் இடம் இந்தக் கல்தான், ரிப்போர்ட்டை மாற்ற வேண்டும், வெட்டும் சாய்வைக் குறைக்க வேண்டும் என்றார். மேனேஜரும் மாட்டுங்கா தமிழர்தான். சத்தம் போடமாட்டார். நான்காம் துளையின் பெட்டிப் படத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

“அண்ணாச்சி, இந்த எடத்துல கட்டை இருக்கு. கட்டைன்னா என்ன?”

“கல்லு வரலன்னு அர்த்தம் சார்.”

“கையெழுத்து யாருது?”

“என்னுதுதான் சார்.”

“மத்த அஞ்சு துளைலயும் அதே எடத்துல கட்டை. ஆக, எங்கயுமே கல்லு வரல. வராத கல்லு டீக்கடைல எப்படி முளைச்சுது? இஞ்சி டீல ஊறின ஏதோ ஒரு கல்லைக் காட்டி நான் பில்டர்கிட்ட ரிப்போர்ட்டை மாத்தணுமா? ஒண்ணு உங்க கட்டை பொய். இல்லைன்னா இந்தக் கல்லு பொய். எது?”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சட்டென்று எல்லாம் புரிந்துபோன முகம். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக் காத்திருந்த முகம்.

கட்டை பொய் சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகளின் ஸ்கூல் யூனிபாரம் ஞாபகம் வந்தது. ஏழாவது படித்தவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று தோன்றியது. மேஜைக் கண்ணாடியில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, அதையே பார்த்தேன்.

“தெரியல சார்” என்றேன்.

மாடிப்படியில் இறங்கினோம். மேடம் வாசலில் நின்று கிளாஸைக் கழுவி என் கையில் கொடுத்தார். “அந்த மாமிகிட்டக் குடுத்துடுங்கோ” என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவரை வேறு ஊர் சைட்டுக்குப் போட்டார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆண்டாப் ஹில் மாதிரி இரண்டாவது தடவையும் நான் வாயை மூடினேன், வேறொருவர் போனார்.

ரிப்போர்ட்டில் கட்டை இருந்த இடங்களுக்கு ‘துளையிடும்போது உடைந்த நல்ல பாறை’ என்று எழுதினார்கள். வீடுகள் இருக்கும்போதே ஓரத்திலிருந்து குன்றை நெட்டுக்குத்தாக வெட்ட ஆரம்பித்தார்கள்.

மேனேஜர் முன்னால் இரண்டு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு, தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் போய்ப் பேச மட்டும் தைரியம் வந்தது. வேலை முடிந்து லேபர் கேம்ப்புக்குப் போகாமல் தினமும் சாயங்காலம் செம்பூருக்குப் போனேன். “அக்கா, போயிருங்க.”

“முந்தி மணிச் சத்தம் கேக்குன்னே. இப்பம் மண்ணாப் போகுங்கே. ஒனக்கு எத்தனை வாய் இருக்கு?”

“அப்ப சொன்னது தப்புக்கா.”

“சர்வேக்கு ஆளு வரப்போறான். பூட்டுன வீட்டுக்குப் பேரு எழுத மாட்டானாம். இப்பம் போனா எனக்கு வீடு இல்ல, தெரியும்லா?”

“உசிரு போனா வீடு எதுக்குக்கா?”

இதை எத்தனை தடவை சொன்னேனோ. எனக்கு இருந்த பயம் முழுவதையும் அவர்மேல் கொட்டினேன். மேடம் சொன்ன ‘ஐம்பது வருஷமும் ஆகலாம்’ என்பதை மட்டும் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் போகமாட்டார் என்று பயம். ஜூலையில் ஒரு பகல் முழுக்கக் கொட்டின மழையில், வெட்டின முகத்திலிருந்து ஒரு கூடை அளவு சில்லுகள் அவர் கடைக் கூரைமேல் விழுந்தன. அவ்வளவுதான் விழுந்தது. ஆனால் நானும் அப்போது அங்கே நின்றிருந்தேன், கத்தினேன். அன்றே ஸ்டவ்வையும் இரண்டு பாத்திரத்தையும் டெம்போவில் போட்டுக்கொண்டு, கோபர்கைரனேயில் தங்கை மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் சர்வே வந்தது. பூட்டின கதவைப் பார்த்துப் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்த மேரியக்கா போகவில்லை. அவருக்கு இரண்டாம் மாடியில் வீடு கிடைத்தது.

குன்று விழவில்லை.

அந்த மழைக்கும் விழவில்லை, அடுத்த மழைக்கும் விழவில்லை. சுவர் கட்டினார்கள், கட்டடம் எழுப்பினார்கள். பன்னிரண்டு மழை போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் முதல் பெரிய மழைக்கு மறுநாள் நான் அங்கே போவேன். சுவரில் பின்பக்கத் தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய் வாய்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் கையை நீட்டிப் பார்ப்பேன். தெளிந்த தண்ணீர் வரும். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை: தெளிந்த தண்ணீரைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாக இருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே ஏமாற்றமாக இருக்கும்.

ஒரு தடவை தாராவியில் ஒரு கல்யாணத்தில் பொன்னுத்தாயக்காவைப் பார்த்தேன். கோபர்கைரனேயில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பதாக மற்றவர்கள் சொல்லித் தெரியும். பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். ரசம் ஊற்றினார்கள். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, “நிக்குதா?” என்றார்.

“நிக்குதுக்கா.”

“வருசா வருசம் போய்ப் பாக்கியாமே. மேரி சொன்னா.”

நான் இலையில் சோற்றை ஓரமாகத் தள்ளினேன்.

“பாவம்டே நீ” என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பிசைந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மழைக்காலம் நான் ஓய்வு பெற்று முதல் மழைக்காலம். போனேன். இடமிருந்து மூன்றாவது குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. உள்ளங்கையில் பிடித்து வடியவிட்டேன். பச்சையும் மஞ்சளுமாக அடியில் கொஞ்சம் தங்கியது. விரலால் தேய்த்தேன். டீயில் வந்த அதே நறநற. ஸ்பூன் ஸ்பூனாகக் குன்று உள்ளேயிருந்து போய்க்கொண்டிருந்தது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைக்கமாட்டேன். அங்கேயே நின்று பொன்னுத்தாயக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, நான் சொன்னது சரிதான்க்கா, கரையுது, மஞ்சத் தண்ணி வருது” என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“இப்பம் அந்த வீடுகள்ல ஆளு இருக்காகளா?”

“இருக்காகக்கா. ஒம்பது மாடியும்.”

“பிள்ளையளும் இருக்கும்லா?”

“இருக்கு.”

“பொறகு எனக்கு எதுக்குடே போன் போடுத? நாந்தான் அன்னைக்கே எந்திச்சு வந்துட்டேன்லா. அங்க போய்ச் சொல்லு. என்னட்ட சொன்ன மாதிரி பாதிய முழுங்கிட்டுச் சொல்லாத. எப்பம் விழும்னு தெரியாதுன்னா, தெரியாதுன்னே சொல்லு.”

போனை வைத்துவிட்டார். பாதியை முழுங்கினது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கட்டடத்துச் சொசைட்டி செயலாளரிடம் போனேன், அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. வாட்ச்மேன் கையைப் பிடித்து வெளியே விட்டார். ஒரு டீ கிளாஸில் மூன்றாவது குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினேன்.

“நீயா? பொன்னுத்தாயிய விரட்டிவிட்ட ஆளுல்லா?” என்றார் மேரியக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. “அடுத்தது என்னைய விரட்ட வந்தியாக்கும்?”

“விரட்ட வரலக்கா. எப்பம் விழும்னு தெரியாது. விழாமலும் போகலாம். இதக் கொஞ்சம் தொட்டு மட்டும் பாருங்க.”

கிளாஸுக்குள் விரலை விட்டார். அடியில் தங்கினதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார். நாக்கு நுனியில் வைத்தார்.

“இது அவ டீயில்லா” என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேடிக்கை பேசவில்லை. அந்தக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினது அவர்தான். முட்டி வலியோடு, லிப்ட் ஓடாத கட்டடத்தில். பழைய ஆட்களில் பாதிப் பேர் அந்த டீயைக் குடித்தவர்கள். செயலாளரை மீட்டிங் போட வைத்தார்கள். மறுபடி துளை போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வேலை நம் கம்பெனிக்கே வந்திருக்கிறது. மேனேஜரும் அதே மேனேஜர். தன் பழைய ரிப்போர்ட் சரி என்று காட்டும் கோர்தான் அவருக்கு வேண்டும்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். கல் பளபளவென்று வரும். தட்டினால் ‘டங்’ என்னும். தட்டாதீர்கள். ஒவ்வொரு துளையிலும் பச்சை நிறத்தில் எது வந்தாலும் ஒரு சில்லை எடுத்துத் தண்ணீரில் போட்டு, மறுநாள் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெளியே எடுத்த அன்று கல் எப்படி இருக்கிறது என்பது ஒன்றுமே இல்லை; காற்றும் தண்ணீரும் பட்ட பிறகு எப்படி இருக்கிறது என்பதுதான் கல். மேரியக்கா கீழே வந்து நிக்குமா, விழுமா என்று கேட்பார். நிற்கும் என்றும் சொல்லாதீர்கள், விழும் என்றும் சொல்லாதீர்கள். இரண்டையும் சொல்லி ஒருவருடைய வீட்டைப் போக்கினவன் நான். கிளாஸை அவர் கையில் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பழைய பெட்டிகள் கோடவுனில் இன்னும் இருக்கின்றன; வேலையை விடுவதற்கு முந்தின வாரம் பார்த்தேன். நான்காம் துளை, இரண்டாம் பெட்டி, கீழிருந்து இரண்டாவது வரிசை. ஒரு சாண் நீளத்துக்குக் கட்டை இருக்கும். நீலப் பெயிண்ட் மங்கியிருக்கும், என் கையெழுத்து மட்டும் நன்றாகத் தெரியும். பார்த்த அன்றே நான் எடுத்திருக்கலாம். கடிகாரமும் சால்வையும் வாங்க வேண்டியிருந்தது, எடுக்கவில்லை.

நீங்கள் எடுங்கள். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். இங்கே கல் வந்தது, தண்ணீரில் கரைகிற கல், டிரில்லர் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று பெட்டியின் ஓரத்தில் எழுதுங்கள். மேனேஜர் கூப்பிட்டு எது பொய் என்று கேட்டால், இந்தக் காகிதத்தை அவர் மேஜையில் வையுங்கள். கட்டைதான் பொய், சார்.